தமிழின் பெயரால் மூடப்பட்ட பள்ளி: வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாறு

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தார். இருவரையும் ஆளாக்கியது சென்னையிலோ கல்கத்தாவிலோ இருந்த பெரிய கல்லூரி எதுவுமில்லை. பனங்கூடல்களுக்கும் வயல்களுக்கும் நடுவே, யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து சில மைல் தள்ளியிருந்த வட்டுக்கோட்டை என்ற ஊரில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய ஒரு விடுதிப் பள்ளி. அவர்கள் தேர்வு எழுதிய காலத்தில் அந்தப் பள்ளி இல்லை. 1855லேயே அதை மூடிவிட்டார்கள். பணம் இல்லாமல் மூடவில்லை, மாணவர் வராமல் மூடவில்லை, ஊரார் எதிர்த்தும் மூடவில்லை. நடத்தியவர்களே, தங்கள் நோக்கத்துக்கு அது உதவவில்லை என்று முடிவுசெய்து மூடினார்கள். அந்த முடிவுக்கு அவர்கள் சொன்ன முதன்மையான நியாயம், கல்வி தாய்மொழியில் இருக்கவேண்டும் என்பது. தமிழுக்கு அந்த நூற்றாண்டில் அவ்வளவு செய்த ஒரு பள்ளி, தமிழின் பெயரைச் சொல்லியே எப்படி மூடப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள அதன் தொடக்கத்திலிருந்து வரவேண்டும்.

அமெரிக்கர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்ததே தற்செயல்தான். 1812இல் இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்க மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பனி தங்கவிடவில்லை. அவர்களில் ஒருவரான சாமுவேல் நியூவெல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கலாம் என்று பொஸ்டனில் இருந்த தலைமைச் சபைக்கு எழுதினார். ஆளுநர் பிரௌன்றிக் அனுமதி தந்தார். 1816இல் டானியல் பூவர், பெஞ்சமின் மீக்ஸ், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன் ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்களும் குருமனைகளும் கூரை இழந்து, மரம் முளைத்துக் கிடந்தன. அவையே புதியவர்களுக்கு இருப்பிடமாயின. பூவர் தெல்லிப்பழையில் அந்த ஆண்டின் இறுதியிலேயே ஒரு பாடசாலையைத் தொடங்கிவிட்டார்.

யாழ்ப்பாணம் அப்போது படிப்பறியாத நாடு இல்லை. ஊர்தோறும் திண்ணையில் சட்டம்பிமார் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் காட்டினார்கள். நிகண்டும் நீதிநூலும் கணக்கும் மனப்பாடமாயின. புலவர்களும் பஞ்சாங்கக் கணிதர்களும் பரம்பரை வைத்தியர்களும் தத்தம் வித்தையைத் தங்கள் குடும்பங்களுக்குள் பேணினார்கள். மிஷனரிமார் இந்தத் திண்ணைப் பள்ளிகளை அழிக்கவில்லை. அதே சட்டம்பிக்குச் சம்பளம் கொடுத்து, தங்கள் பாடத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தார்கள். கிராமத்து இலவசப் பள்ளிகள் பெருகின. அவற்றில் தேறிய பிள்ளைகளை விடுதிகளில் சேர்த்தார்கள்.

விடுதி என்றதும் சோற்றுப் பிரச்சினை வந்தது. மிஷன் வளவுக்குள் சமைத்ததை வேளாளர் வீட்டுப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். சமையலை வளவுக்கு வெளியே, சைவர் ஒருவரின் கையில் விட்டுத்தான் தொடக்கத்தில் பிள்ளைகளைத் தங்கவைக்க முடிந்தது. மிஷனரிமார் காலப்போக்கில் இதில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் காட்டினார்கள். ஆனாலும் செமினரியின் வாசல் பெரும்பாலும் வேளாளருக்கே திறந்திருந்தது என்பதை மறைக்கக்கூடாது. யாழ்ப்பாணத்துச் சாதி ஒழுங்கை அந்தப் பள்ளி அசைத்ததைவிட அதற்கு இணங்கிப் போனதே அதிகம். அங்கே படித்து வந்தவர்கள் பெற்ற ஆங்கிலமும் உத்தியோகமும் முன்பே நிலம் வைத்திருந்த குடும்பங்களை மேலும் உயர்த்தின. செமினரியின் புகழைப் பாடும் எழுத்துகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப் போவது வருத்தத்துக்குரியது.

இந்தப் பிள்ளைகளின் பெயர்கள் தனிக்கதை. அமெரிக்காவில் ஒரு சபையோ ஒரு தனியாளோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அந்தப் பிள்ளைக்கு அவர் சொல்லும் பெயரை இடுவது வழக்கமாயிற்று. இவ்வாறே யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் நெவின்ஸ், எவார்ட்ஸ், ஆர்னல்ட், கறோல் என்ற பெயர்கள் தோன்றின. பிள்ளை வீட்டில் சிதம்பரப்பிள்ளை, பள்ளியில் நெவின்ஸ். கொடையாளர் தம் பெயர் சூட்டிய பிள்ளையைப் பற்றிக் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தார். அவன் மதம் மாறினானா என்று கேட்டார். படிப்பும் சோறும் உடையும் இனாம் என்பதால் பெற்றோர் பெயரைப் பொருட்படுத்தவில்லை. படித்து முடித்துச் சைவத்துக்குத் திரும்பிய சிலர்கூட அந்தப் பெயரை விடாமல் வைத்துக்கொண்டார்கள். விசுவநாதபிள்ளையை இன்றும் கறோல் என்ற அடையோடுதான் நாம் அடையாளம் காண்கிறோம்.

1823இல் மிஷனரிமார் ஒரு பெரிய திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். தமிழ் இளைஞருக்கும் பிறருக்கும் ஒரு கல்லூரி என்பதே அது. ஆங்கிலத்தை ஆழமாகக் கற்பிப்பது, தமிழ் இலக்கண இலக்கியத்தை வளர்ப்பது, தேர்ந்த சிலருக்குச் சமஸ்கிருதம், இன்னும் சிலருக்கு எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், இவற்றோடு ஐரோப்பிய அறிவியல் என்று அதன் பாடங்கள் விரிந்தன. அந்த அறிக்கையின் தமிழ்ப் பகுதிதான் முக்கியமானது. செய்யுளில் செழித்திருந்த தமிழில் உரைநடை நூல்கள் மிகக் குறைவு, தெளிவான உரைநடை எழுதவல்லவர்களை உருவாக்கவேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். வேதாகமத்தையும் துண்டுப்பிரசுரத்தையும் எழுத ஆள் வேண்டும் என்ற தேவையே இந்த அக்கறைக்குக் காரணம். நோக்கம் எதுவாயினும், தமிழ் உரைநடையை ஒரு பாடத்திட்டத்தின் இலக்காக வைத்த மிக முந்திய முயற்சிகளில் இது ஒன்று.

கல்லூரி என்ற தகுதியைக் குடியேற்ற அரசு தரவில்லை. பிரிட்டிஷ் நாட்டில் அமெரிக்கர் கையில் ஒரு கல்லூரியா என்ற தயக்கம். அமெரிக்காவோடு நடந்த போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. ஆகவே அது செமினரி என்ற பெயரோடு 1823 ஜூலையில் வட்டுக்கோட்டையில் தொடங்கியது. பூவர் அதிபரானார். அரசின் சந்தேகம் இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1820இல் அச்சுயந்திரத்தை இயக்க வந்த ஜேம்ஸ் கறெற்றை ஆளுநர் பார்ன்ஸ் நாட்டைவிட்டு வெளியேற்றினார். புதிய அமெரிக்கர் எவரும் வரக்கூடாது என்ற தடை 1833வரை நீடித்தது. இருந்த சில குடும்பங்கள் நோயிலும் சாவிலும் குறைந்துகொண்டே வந்தன.

இந்தத் தடையே செமினரியின் குணத்தை வடிவமைத்தது என்பது என் கணிப்பு. அமெரிக்க ஆசிரியர் வரமுடியாதபோது, படித்து முடித்த தமிழ் மாணவர்களே ஆசிரியர்களானார்கள். கணிதமும் வானியலும் தத்துவமும் தமிழர் வாயிலாகத் தமிழருக்குச் சென்றன. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் விளக்கவேண்டிய தேவை வகுப்பறையில் அன்றாடம் எழுந்தது. கறோல் விசுவநாதபிள்ளை அங்கே படித்து அங்கேயே கணிதம் கற்பித்தவர். 1855இல் அவர் வெளியிட்ட 'வீசகணிதம்' அந்த வகுப்பறையில் விளைந்த நூல். நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை தருக்கம் பற்றித் தமிழில் எழுதிய 'நியாய இலக்கணம்' 1850இல் வந்தது. இவை மதப் பிரசார நூல்கள் இல்லை. மேலைக் கணிதத்தையும் தருக்கத்தையும் ஆங்கிலம் அறியாத தமிழ் மாணவன் படித்துப் புரிந்துகொள்ள எழுதப்பட்ட பாடநூல்கள்.

வானியலைப் பற்றி விரித்துச் சொல்லவேண்டும். 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம். வட்டுக்கோட்டைப் பகுதியின் பேர்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் கிரகணம் தொடங்கும் நேரத்தையும் அது நீடிக்கும் அளவையும் கணித்துப் பஞ்சாங்கத்தில் தந்திருந்தார். பூவர் தம் மாணவர்களோடு வேறு கணக்குப் போட்டார். இரண்டும் சில நாழிகைக் கூறுகள் வேறுபட்டன. எது சரி என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று பூவர் ஊராரைக் கூட்டினார். அன்றிரவு செமினரியின் கணக்கே பொருந்தியது. இதைப் புராண அண்டவியலின் தோல்வியாக, அதன்வழி சைவத்தின் தோல்வியாக மிஷனரிமார் பறைசாற்றினார்கள்.

அப்படி எடுத்துக்கொள்ள இடமில்லை. கண்ணாடிக் கருவி எதுவும் இல்லாமல், வாக்கிய முறையின் சூத்திரங்களை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு ஒரு கிரகணத்தைச் சிறு பிழையோடு முன்கூட்டிச் சொல்லியிருக்கிறது என்றால், அந்த மரபின் வலிமைக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. செமினரிக்குள்ளேயே இதை உணர்ந்தவர் பூவருக்குப் பின் 1836இல் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன். அவர் பஞ்சாங்கக் கணிதத்தை எள்ளி ஒதுக்காமல் உட்கார்ந்து கற்றார். 'உள்ளமுடையான்' என்ற தமிழ்ச் சோதிட நூலை மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1848இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா திரும்பியதும் தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகியவற்றை ஆங்கிலமாக்கினார். அமெரிக்கக் கீழைத்தேயவியல் கழகத்தின் சஞ்சிகையில் அவை 1854இல் வந்தன. சைவ சித்தாந்தம் அமெரிக்க அறிவுலகத்துக்குள் நுழைந்த மிகப் பழைய வாசல்களில் ஒன்று இப்படி ஒரு மிஷன் பள்ளித் தலைமையாசிரியரின் மேசை வழியாகத் திறந்தது. சைவத்தை வெல்ல வந்தவர் சைவத்தைக் கற்கவேண்டியிருந்தது. கற்றபின் அதை மதிக்காமலும் இருக்க முடியவில்லை.

செமினரியைச் சுற்றி வேறு நிறுவனங்கள் எழுந்தன. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பெண் படித்தால் என்ன ஆகும் என்று அஞ்சிய ஊரில் அது மெல்ல வேரூன்றியது. 1840இல் அந்தப் பள்ளிக்கு வந்த எலைசா அக்னியூ நாற்பதாண்டுகளுக்கு மேல் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்து மறைந்தார். செமினரி மாணவர்களுக்கும் உடுவில் மாணவிகளுக்கும் நடந்த திருமணங்களால் கல்வி கற்ற ஒரு குடும்ப வலை உருவானது.

மானிப்பாயில் அச்சகம் இயங்கியது. 1841 ஜனவரியில் 'உதயதாரகை' தமிழும் ஆங்கிலமுமாக வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற பெயர்களைக் கேட்டு வெள்ளையர் என்று எண்ணவேண்டாம். இருவரும் செமினரியில் படித்த யாழ்ப்பாணத்துத் தமிழர். பின்னர் அந்த இதழை நடத்திய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' தந்தார். தமிழ்ப் புலவர் வரலாற்றை எழுதிய முன்னோடிகளில் அவர் ஒருவர். 1842இல் மானிப்பாய் அகராதி என்று பேர்பெற்ற யாழ்ப்பாண அகராதி ஏறத்தாழ 58,500 சொற்களோடு அச்சேறியது. சந்திரசேகர பண்டிதரின் உழைப்பு அதில் பெரிது. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தை முழுக்கத் தமிழில் கற்பிக்கவே முனைந்தார். 1867இல் 'இரணவைத்தியம்', 1875இல் 'கெமிஸ்தம்' என்று நூல்கள் வந்தன. அவரோடு உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்கள் ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருசேரக் கற்ற தமிழர்கள். அந்த இருமொழிப் பயிற்சியை யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுவந்ததில் செமினரிக்கே முதலிடம்.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் செமினரியை நேரில் பார்த்தார். 1850இல் எழுதிய நூலில், பாடத்தின் தரத்திலும் கற்பிக்கும் முறையின் வெற்றியிலும் அதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணலாம் என்று மதிப்பிட்டார்.

பொஸ்டனில் கணக்கு வேறாக இருந்தது. அங்கே ஒரு பள்ளியின் பயனை அளக்கும் கோல், எத்தனை பேர் சபையில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உபதேசிகளானார்கள் என்பதே. தொடக்க ஆண்டுகளில் மாணவர் பலர் ஞானஸ்நானம் பெற்றது உண்மை. பின்னர் அந்த வேகம் தணிந்தது. படித்தவர்கள் கச்சேரியில் எழுதுவினைஞராயினர், புரொக்டராயினர், நில அளவையாளராயினர், மொழிபெயர்ப்பாளராயினர். கொழும்புக்கும் சென்னைக்கும் போனார்கள். மிஷன் தரும் சம்பளத்தைவிட அரசு தரும் சம்பளம் பலமடங்கு. கிறிஸ்தவத்தை ஏற்றவர்களிலும் சிலர் விலகினார்கள். 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபின், கிறிஸ்தவம் கல்விக்குத் தரவேண்டிய விலை இல்லை என்ற நம்பிக்கை சைவருக்கு வந்தது. நாவலர் செமினரி மாணவர் அல்லர். வெஸ்லியன் பள்ளியில் படித்து, பேர்சிவல் பாதிரியாரோடு வேலைசெய்தவர். ஆனால் பாடநூல், அச்சகம், மேடைப் பேச்சு, வகுப்பறை என்று மிஷன் கையாண்ட எல்லாவற்றையும் அவர் சைவத்துக்குக் கையாண்டார்.

அமெரிக்கச் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1854-55இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆய்வுப் பயணம் வந்தார். அவர் எளிதில் ஒதுக்கத்தக்க மனிதர் அல்லர். மிஷனரி என்பவர் தற்காலிகமானவர், உள்ளூர்ச் சபை தன்னைத் தானே ஆண்டு, தன்னைத் தானே தாங்கி, தானே பரவவேண்டும் என்று அக்காலத்திலேயே வாதிட்டவர். உள்ளூர்க் குருமார் வேண்டுமானால் அவர்கள் தம் மக்களின் மொழியில் படித்து, தம் மக்களின் சம்பளத்தில் வாழவேண்டும். ஆங்கிலம் படித்தவன் கிராமத்தில் தங்கமாட்டான் என்பது அவர் கருத்து. வட்டுக்கோட்டையில் அவர் கண்டது இந்தக் கருத்துக்குச் சான்றாகவே தோன்றியது. 1855இல் செமினரி மூடப்பட்டது. அதை உருவாக்கிய பூவர் அதே ஆண்டின் பிப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்திருந்தார்.

அண்டர்சன் சொன்னதில் பாதி சரி. ஆங்கிலம் இளைஞரைக் கிராமத்திலிருந்து பெயர்த்தது. உத்தியோக ஆசையை வளர்த்தது. அதன் பின்விளைவை யாழ்ப்பாணம் இன்றுவரை சுமக்கிறது. ஆனால் தமிழ்வழிக் கல்வி என்று அவர் சொன்னபோது அதில் கணிதமும் வானியலும் தருக்கமும் இல்லை. உபதேசிக்குப் போதுமான வேதமும் எழுத்தும்தான் இருந்தன. மேலான அறிவு ஆங்கிலத்துக்கு, எளிய அறிவு தமிழுக்கு என்ற பிரிவினையை அந்த முடிவு உறுதிப்படுத்தியது. செமினரி அந்தப் பிரிவினைக்கு எதிரான திசையில்தான் முப்பதாண்டுகள் உழைத்திருந்தது. ஆங்கிலத்தில் இயற்கணிதம் படித்தவரே தமிழில் இயற்கணித நூல் எழுதினார். ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்தவர்களே தமிழ்ப் பத்திரிகை நடத்தினார்கள். ஆங்கிலத்தை அகற்றினால் தமிழ் வளரும் என்ற எண்ணத்துக்கு வட்டுக்கோட்டை வகுப்பறையில் ஆதரவு எதுவுமில்லை. அந்த வகுப்பறையில் இருந்த தமிழ் ஆசிரியர்கள் இதை நன்கு அறிவார்கள். முடிவெடுக்கும் மேசையில் அவர்கள் இல்லை.

தூரத்தில் இருப்பவர் கையில் பணமும் முடிவும் இருப்பதன் அபாயத்தை யாழ்ப்பாணம் முன்பே ஒருமுறை பட்டறிந்திருந்தது. 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து பொருளாதாரம் சரிந்தபோது பொஸ்டன் நிதியைக் குறைத்தது. யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமத்துப் பள்ளிகள் ஒரே வீச்சில் கலைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அன்று பணம் காரணம், 1855இல் கொள்கை காரணம். இரண்டு தடவையும் படிக்கும் பிள்ளையின் ஊரில் எவரும் கேட்கப்படவில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. செமினரியில் படித்த ஒருவர் வட்டுக்கோட்டையிலேயே ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் திறந்தார். கட்டணம் கொடுத்துப் படிக்க மாணவர் வந்தார்கள். இலவசமாகக் கிடைத்தபோது மூடியதை விலைகொடுத்து வாங்க ஊர் தயாராக இருந்தது. 1867இல் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் கூடி ஓர் உயர்கல்வி நிறுவனம் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். உள்ளூரிலும் அமெரிக்காவிலும் நிதி திரட்டினார்கள். 1872 ஜூலையில் பழைய செமினரி வளவிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. செமினரியின் கடைசிக் கால ஆசிரியர் ஹேஸ்டிங்ஸ் அதன் முதல் அதிபர். பிரதம நீதியரசர் ரிச்சர்ட் ஒட்லியின் பெயர் தாங்கிய பழைய மண்டபம் புதிய கல்லூரிக்கும் மண்டபமாயிற்று. சைவர் பக்கத்திலும் செமினரியின் கைத்தடம் தெரிந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை நகரில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளியைச் சைவ பரிபாலன சபையார் ஏற்று நடத்தினார்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. அவருடைய மகன் நெவின்ஸ் செல்வத்துரை அங்கே நெடுங்காலம் அதிபராயிருந்தார்.

தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பி, ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தார். 1881இல் வீரசோழியம், 1887இல் கலித்தொகை. கணிதப் பாடநூல் படித்த கண் பாடபேதங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தது. செமினரியின் பாடத்திட்டம் எண்ணியிராத விளைவு இது. ஆனால் மொழியையும் முறையான ஆய்வையும் ஒன்றாகப் படித்ததன் நேரடி விளைவு.

1872க்குப் பின் வந்த கல்லூரிகள் எவையும் பழைய பாடத்திட்டத்துக்குத் திரும்பவில்லை. பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு மாணவரைத் தயார்செய்வதே அவற்றின் வேலையாயிற்று. தேர்வு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் ஒரு தனிப்பாடமாகச் சுருங்கியது. கணிதமும் அறிவியலும் தமிழில் எழுதவேண்டிய தேவை வகுப்பறையிலிருந்து மறைந்தது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பியபின் தமிழில் மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. இலங்கையில் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி மீண்டும் தொடங்க ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அப்போது கலைச்சொல் குழுக்களில் அமர்ந்தவர்கள் எதிர்கொண்ட கேள்விகள் பலவற்றை 'வீசகணிதம்' எழுதியவரும் கிறீனின் மொழிபெயர்ப்பாளர்களும் நூறாண்டுக்கு முன்பே எதிர்கொண்டிருந்தார்கள்.